கிளாவர் எட்டை விடாத கேட்டுக்காரர்

எங்கள் குடியிருப்புச் சங்கச் செயலாளர் பொய் சொன்னார். தெரியாமல் சொல்லவில்லை, தெரிந்தே சொன்னார். அவர் சூதாடி என்று பட்டம் கட்டிய கேட்டுக்காரரைப் போல ஒரு கல்நெஞ்சுக்காரரை அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை தேடினாலும் பார்க்க முடியாது. அதை நானே சொல்வேன். ஆனால் அவர் சூதாடி இல்லை.

கேட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்தவர் அல்ல. பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு மேனாம்பேட்டில் எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக இருக்கிறார். கேட்டுக்காரர் என்ற பெயர் ஏழாட்டத்தில் வந்தது.

ஏழாட்டம் வீட்டு ஆட்டம். சீட்டு முழுவதையும் பங்கிட்டுவிட வேண்டும். ஆட்டின், டைமன், கிளாவர், இஸ்பேடு நான்கிலும் முதலில் ஏழு இறங்க வேண்டும். பிறகு மேலே எட்டு, ஒன்பது என்றும், கீழே ஆறு, ஐந்து என்றும் வரிசையாக அடுக்க வேண்டும். இறக்கச் சீட்டு இல்லையென்றால் 'பாஸ்'. யார் கை முதலில் காலியாகிறதோ அவருக்கு வெற்றி. ஒருவர் கிளாவர் எட்டை இறக்காமல் வைத்துக்கொண்டால் மற்றவர்கள் கையில் இருக்கும் கிளாவர் ராஜா, ராணி எல்லாம் ரயில்வே கேட்டில் மாட்டிய லாரிகள்தான்.

கேட்டுக்காரர் திறக்கவே மாட்டார். ஒரு முறை நாங்கள் ஆடும் பொது ஹாலில், ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிரபு, காதில் ஆபீஸ் மீட்டிங்கை மாட்டிக்கொண்டே ஆடினான். பொறுமை போய்க் கத்திவிட்டான்.

"அந்த எட்டை இறக்கித் தொலைங்க சார், கழுத்தறுக்காதீங்க."

அவன் மைக் அணையாமல் இருந்திருக்கிறது. "எந்த எட்டு பிரபு? யார் இறக்கணும்?" என்று மேனேஜர் கேட்டிருக்கிறார். பிரபு முகம் வெளுத்தது. கேட்டுக்காரர் அசரவில்லை.

"வண்டி இன்னும் வரல நைனா. சும்மா ஆரன் அடிச்சுகினு கெடக்காத."

பணம் கிடையாது. ஆளுக்கொரு பிடி புளியங்கொட்டை. ஒரு பாஸுக்கு ஒரு கொட்டையை நடுவில் போட வேண்டும். கடைசியில் யார் கையில் கொட்டை குறைவோ அவர் எல்லார் டீ டம்ளரையும் கழுவ வேண்டும். இதுதான் மொத்தச் சூதும்.

ஒரு நாள் செயலாளர் தானாக வந்து உட்கார்ந்தார். ஆட்டம் முடியும்போது அவர் கையில் ஒரு கொட்டைகூட இல்லை.

"பாஸ் சொல்லிச் சொல்லி வாயே வலிக்குதுய்யா. ஒரு சீட்டாவது விடுங்க" என்றார்.

"செக்ரட்டரினு தனி கேட்டு இல்ல சார். அதோ சோப்பு கீது."

எல்லாரும் சிரித்தார்கள். செயலாளர் டம்ளர் கழுவினார். சிரிக்கவில்லை. அடுத்த வாரம் அந்தக் கொட்டைக் குவியலைப் படம் பிடித்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கொட்டைக்கு இவ்வளவு ரூபாய் என்று பொது ஹாலில் சூதாட்டம் நடக்கிறதாம், நடத்துபவர் கேட்டுக்காரராம். ஹாலுக்குப் பூட்டு. நான் செயலாளரிடம் நேரில் போய்க் கேட்டேன்.

"கொட்டையோ காசோ, சீட்டுன்னா சீட்டுதான் மேடம்" என்றார்.

போன வாரம் கேட்டுக்காரர் வீட்டுக் கதவு திறந்திருந்தது. நாலு நாற்காலி, நாலு கைச் சீட்டு. ஒவ்வொன்றிலும் எழுந்து எழுந்து உட்கார்ந்து தனியாக ஆடிக்கொண்டிருந்தார். கிளாவர் எட்டு யாரிடம் என்று கேட்டேன். சன்னலோர நாற்காலியைக் காட்டினார்.

"அவங்கிட்ட கீது. விட மாட்டேன்றான் பாவி."

எனக்குச் சிரிப்பு வந்தது. உடனே போயும் விட்டது.

"மாசக் கடைசில ஓசூருக்கு, புள்ள ஊட்டுக்குப் போறம்மா" என்றார். "என்னப் பாத்தா கொழந்தைங்கள இஸ்துகினு உள்ள போயிட்றாங்க. இந்த வயசுல சூதாடினு பேரு."

அவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

செயலாளரே, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு இருக்கிறது. கேட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தாவது முன்வரிசையில் உட்கார வைப்பேன். அத்தனை பேர் எதிரில், மைக்கில் பதில் சொல்லுங்கள். அந்த மேசையில் ஒரு ரூபாயாவது பார்த்தீர்களா? சீக்கிரம் சொல்லுங்கள். அந்தக் கல்நெஞ்சுக்காரர் இல்லாமல் எங்களுக்கு ஆகாது.