சந்ததியின்றி

மரியாதைக்குரிய பெரியப்பாவுக்கு,

உங்கள் தம்பி மகள் பணிவுடன் எழுதுவது. கடிதம் என்றால் நலம் விசாரித்து ஆரம்பிக்க வேண்டும் என்பதுவரைதான் எட்டாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். அதன் பிறகு நான் பள்ளிக்கூடம் போகாததால், நலமில்லாதவர்கள் எப்படி ஆரம்பிப்பார்கள் என்று தெரியவில்லை. நீங்களாவது நலமாக இருங்கள்.

"தம்பி மகள்" என்று எழுதியது தப்பென்றால் அடித்துவிட்டுப் படிக்கவும். விஷயமே அதுதான்.

போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனைக் காதில் வைத்தால் எனக்கு "ம்" தவிர வேறு வார்த்தை வராது. அப்பா என்னை ஊமைக்கோட்டான் என்று கூப்பிட்டதே அதனால்தான். அவர் கல்லறைக் கல்லில் வெட்ட வேண்டியதை நீங்கள் போனில் வாசித்தீர்கள். தாத்தா பேர், அவருடைய அப்பா பேர், அவருக்கும் அப்பா பேர், கடைசியில் "சந்ததியின்றிக் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்." வாசித்துவிட்டு "சரிதானேம்மா?" என்றீர்கள். நான் "ம்" என்றேன். அது சரி என்கிற "ம்" இல்லை, பெரியப்பா. வேறு வார்த்தை வராத "ம்". போனில் இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும் போல.

அம்மாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே, "உன்னை இடுப்புல தூக்கிக்கிட்டுத்தானே அவரைக் கட்டிக்கிட்டு இந்த வீட்டுக்குள்ள வந்தேன். வேதத்துலயே வம்சம்னா ரத்தம்தான்னு உங்க பெரியப்பா அன்னைக்கே சொன்னாரு. விடுடி, கல்லுதானே" என்றாள். எனக்குத்தான் விட முடியவில்லை. அப்பாவின் சாவிக் கடையை இப்போது நான் திறக்கிறேன். வருகிறவர்கள் "அப்பா இல்லையாம்மா?" என்கிறார்கள். அதற்கும் "ம்" என்கிறேன். சிலர் அவர் டீ குடிக்கப் போயிருப்பதாக நினைத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுகிறார்கள். நேற்று ஒருவர் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தார். எழுப்பிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் உட்கார்ந்திருந்தவரை எனக்கும் அப்பா வந்துவிடுவார் போலவே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நினைவு ஜெபத்தில் நடந்ததற்கு மன்னிக்கவும். வம்சம் என்றால் என்னவென்று எல்லாரும் கேட்கட்டும் என்று வேதத்தில் இயேசுவின் வம்ச வரலாற்றை எடுத்து வைத்தவர் நீங்கள். போதகருக்குத் தொண்டை கட்டிக்கொள்ள, "நீ வாசி" என்று என் கையில் கொடுத்தவரும் நீங்கள். அம்மினதாப், சொரொபாபேல் என்று ஒவ்வொரு பேரும் என் நாக்கில் இடறி விழுந்தது. நடுவில் காது மந்தமான அத்தை வேறு "யாரு யாரைப் பெத்தா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். "ஆபிரகாம் ஈசாக்கைப் பெற்றான், அத்தே." "ஆம்பளையா? அப்ப அடுத்தது?" "ஈசாக்கு யாக்கோபைப் பெற்றான்." "அதுவும் ஆம்பளையா! இத்தனை பேரு வரிசையா பெத்திருக்கானுங்களே, ஒருத்தனுக்காவது இடுப்பு வலிச்சுதாமா?" துக்க வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் பயந்துபோய், பெற்றான் பெற்றான் என்று வந்த வேகத்தில் நிறுத்தத் தெரியாமல், "யோசேப்பு இயேசுவைப் பெற்றான்" என்று வாசித்துவிட்டேன்.

நீங்கள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டீர்கள். "தப்பு! யோசேப்பு பெறல! வளர்த்தான், அவ்வளவுதான். ஆனாலும் இயேசு தாவீது ராஜாவோட வம்சம்னு அவன் வழியாத்தான் எழுதியிருக்கு. ஒழுங்கா வாசி!"

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை. அத்தைக்கு அது மட்டும் எப்படியோ நன்றாகக் கேட்டுவிட்டது. "அப்ப என் சின்னத் தம்பியும் அப்படித்தானேடா, பெரியவனே?" என்றார்கள். நீங்கள் டீ கேட்டீர்கள். கொண்டுவந்தது நான்தான். உங்கள் வேட்டியில் கொட்டியது வேண்டுமென்றே இல்லை.

பெரியப்பா, என் பேரைக் கல்லில் போடச் சொல்லவில்லை. அந்த ஒரு வரியை மட்டும் விட்டுவிடக் கூடாதா? அந்த இடம் வெறுமையாக இருக்கட்டும். அப்பா எனக்கு அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தபோது என் விரல் மேல் அவர் விரலை வைத்திருப்பார். பிள்ளையே இல்லாதவர் யாருடைய விரலைப் பிடித்தார் என்று யாராவது கேட்டால் நான் என்ன சொல்வேன்? "ம்" என்றா? ஆனாலும் பெரியவர் நீங்கள். உங்கள் முடிவு எதுவானாலும் எதிர்த்துப் பேச மாட்டேன். பேசவும் வராது. பதிலுக்குக் காத்திருப்பேன்.

பெரியம்மாவுக்கு என் வணக்கம். உங்கள் முட்டிவலி குறையவும், வேட்டியில் டீக்கறை போகவும் ஜெபிக்கிறேன்.

கீழ்ப்படிதலுள்ள,
ஊமைக்கோட்டான்

பி.கு.: இதை மடிக்கும்போது பக்கத்துத் தெருவில் கல் வெட்டுகிறவர், பட்டறைச் சாவி இரண்டில் ஒன்றைத் தொலைத்துவிட்டு, மற்றதைப் போல் ஒன்று செய்யக் கடைக்கு வந்தார். "எல்லாம் வெட்டியாச்சு, கடைசி வரிதான் பாக்கி. சந்ததியின்றின்னு அவரோட அண்ணன் எழுதிக் கொடுத்திருக்காரு. அப்படியே வெட்டிரட்டுமா?" என்றார். "ம்" என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். "ம்ஹூம்" என்று வந்துவிட்டது. "அப்ப நீ இறந்தவருக்கு என்ன வேணும்?" என்றார். "பொண்ணு" என்றேன். "அப்ப ஒரு மகளுக்குத் தகப்பன்னு போட்டுடறேன்" என்று நான் அராவிக் கொடுத்த சாவியை வாங்கிக்கொண்டு போனார். உளிச் சத்தம் இங்கே கேட்கிறது. ஆகையால் மேலே நான் கெஞ்சியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். முதல் வரியில் உள்ள "தம்பி மகள்" என்பதை மட்டும் அடிக்க வேண்டாம்.