ஐம்பது அடிக்குள் ஒரு மச்சான்

ரொட்டியைச் சம்பலில் தொட்டு வாய்வரை கொண்டுபோன தியாகராஜாவின் கை அங்கேயே நின்றுவிட்டது.

"என்ன சொன்ன?"

"பெரியண்ணன் நம்ம பக்கத்துக் காணியில வீடு கட்டி வரப்போறாருன்னு சொன்னேன்," என்றாள் தனலெட்சுமி, அடுத்த ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி. "வாங்கிப் போட்டது சும்மாதானே கெடக்கு? மடியில சம்பல் கொட்டுது பாருங்க."

சம்பல் கொட்டினால் தட்டிவிடலாம். மச்சான் இராமையா வந்து குடியேறினால் எப்படித் தட்டிவிடுவது?

தியாகராஜா லுணுகலைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் அவர் வந்து நின்றால் அத்தனை பேச்சும் அடங்கும். யாருக்கு எந்த மலை, யாருக்கு எத்தனை நிரை செடி, எல்லாம் அவர் அளந்து கொடுப்பதுதான். வீட்டில் மட்டும் அவருக்கு அளந்து கொடுப்பது தனலெட்சுமி.

அடுத்த வருஷம் ஓய்வு. ஓய்வு வந்தால் தோட்டத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்காகவே, தேயிலையைப் பிடுங்கித் துண்டு துண்டாக விற்ற புதுக் குடியிருப்பில் பத்துப் பேர்ச், ஒரு சின்ன வீட்டுக்கும் முற்றத்துக்கும் போதுமான மண், வாங்கியிருந்தார்கள். அவருடைய வம்சத்தில் சொந்த மண்ணை மிதித்த முதல் மனிதர் அவர்தான். அங்கே ஒரு வீடு, வாசலில் ஒரு நாற்காலி, பக்கத்தில் யாரும் பேசாத அமைதி. வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

இராமையா வெலிமடையில் உருளைக்கிழங்கு வியாபாரி. மிகவும் நல்லவர். தொல்லையே அதுதான். வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து உதவி செய்யத் தொடங்கிவிடுவார். "மாப்புள, இடுப்புல சாரத்த இப்புடிக் கட்டக்கூடாது." "மாப்புள, வாழைப்பழத்த அந்தப் பக்கமிருந்து உரிக்கக்கூடாது." போன முறை வந்தபோது, தும்மல் வந்த தியாகராஜா முகத்தைத் துடைப்பதற்குள், "மாப்புள, தும்முறதுக்கு ஒரு முறை இருக்கு," என்று தொடங்கிச் செய்தும் காட்டினார். வருஷத்துக்கு இரண்டு தடவை இதைத் தாங்கலாம். ஒவ்வொரு விடியலிலும் வேலிக்கு மேலே அந்தத் தலை எழும்புவதை நினைத்ததும் தியாகராஜாவுக்கு ரொட்டி இறங்கவில்லை.

அப்போது தனலெட்சுமி பேச்சை மாற்றினாள்.

"குடியிருப்புக் கூட்டத்துக்குப் போனேன்ல, அங்க சுகாதாரப் பரிசோதகர் வந்திருந்தாரு. அடேயப்பா, என்னா சட்டம்! கண்ட எடத்துல கக்கூசுக் குழி வெட்டக்கூடாதாம். குழியில இருந்து தண்ணி மண்ணுக்குள்ள எறங்குமாம். அதனால எந்தக் கிணத்துக்கும் அம்பதடிக்குள்ள குழி இருக்கக்கூடாதாம்."

"எந்தக் கிணறுன்னா? நம்ம கிணறா?"

"யார் கிணறானாலும். பக்கத்துக் காணிக்காரன் கிணறா இருந்தாலும் அம்பதடி. குழிக்கு எடமில்லேன்னா வீட்டுக்கு அனுமதியே இல்லையாம். இன்னொரு ரொட்டி வைக்கவா?"

"ரெண்டு வை!" என்றார் தியாகராஜா.

மறுநாள் தோட்டத்து அளவு நாடாவுடன் காணிக்குப் போனார். இராமையாவின் காணி ஓரமாக, நடு வேலியில் நாடாவின் ஒரு நுனியைப் பிடிக்கச் சொல்லி ஒரு ஆளை நிறுத்தினார். மறுநுனியோடு மச்சானின் காணி முழுக்க நடந்தார். எந்த மூலைக்குப் போனாலும் ஐம்பது அடிக்குள்தான் நின்றார். வேலியோரம் ஒரு கிணறு. அவ்வளவுதான். மச்சானுக்குக் குழி இல்லை. குழி இல்லாவிட்டால் வீடு இல்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை, சட்டமே மச்சானைத் தடுத்துவிடும்!

மற்றப் பக்கம், தன் காணிக்குள், அவர் நாடாவைப் பிடிக்கவே இல்லை. அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. முப்பது வருஷமாக அவர் அளந்தது எல்லாம் மற்றவர்களுடைய நிரை. அளவு என்பது மற்றவர்களுக்கு உள்ளது என்பது அவர் உடம்பில் ஊறியிருந்தது.

"தனம், ஒனக்கு ஒரு கிணறு வெட்டித் தரப்போறேன்," என்றார் அன்று மாலை.

தனலெட்சுமி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

"எத்தனை காலம் பொதுப் பீலியில வர்ற தண்ணிக்கு வாளியத் தூக்கிக்கிட்டு வரிசையில நின்ன! இனிமே நீ நிக்கக்கூடாது. நம்ம வேலியோரமா..."

"வேலியோரமா இருக்கட்டும், நடுவுல இருக்கட்டும், தண்ணி எங்க ஓடுதோ அங்கதான வெட்டணும்?" என்றாள் அவள். "தேங்காய் வச்சுப் பாத்துருவோம்."

உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு நடந்தால், நீரோட்டம் உள்ள இடத்தில் அது குடுமியை மேலே தூக்கி நிற்கும் என்பார்கள். எல்லோர் கைக்கும் நிற்காதாம். சில ராசிக்காரர் கைக்குத்தான் நிற்குமாம். தன் கை அந்த ராசி என்று தனலெட்சுமி சொன்னாள். இதற்குமுன் சொன்னதில்லை.

வேலியோரம் நடந்தாள். தேங்காய் படுத்திருந்தது. தியாகராஜா மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனார். அவள் உள்ளே திரும்பினாள். தங்கள் காணியின் நடுப்பகுதிக்கு வந்ததும் தேங்காய் விறைப்பாக எழுந்து நின்றது.

"தனம், இன்னும் கொஞ்சம் வேலிப் பக்கம்..."

"ஏங்க, தேங்காயோட சண்டை போடப்போறீங்களா?"

அவர் சண்டை போடவில்லை. பெண்டாட்டி கிணற்றுக்குச் சம்மதித்ததே பெரிது. நாலடி இங்கே, நாலடி அங்கே, கிணறு கிணறுதானே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். நாடா வீட்டில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டினார்கள். தேங்காய் பொய் சொல்லவில்லை. தண்ணீர் பீறிட்டு வந்தது, கண்ணாடி மாதிரி. பூசை போட்டார்கள். எதிர்க் காணியில் வீடு கட்டிக்கொண்டிருந்த றஷீதா முதல் வாளியை நிரப்பிக்கொண்டு, "ஒங்க மனசு போலத் தண்ணி, காக்கா," என்று தியாகராஜாவை அண்ணன் முறை வைத்து வாழ்த்திவிட்டுப் போனாள். குடியிருப்பே குடங்களோடு வந்தது. தியாகராஜா தன்னுடைய நல்ல மனதை நினைத்துத் தானே கொஞ்சம் நெகிழ்ந்தார்.

பிறகு சுகாதாரப் பரிசோதகர் ஷப்ராஸ் வீட்டுக்கு அனுமதி தருவதற்காகக் காணி பார்க்க வந்தார்.

"கிணறு நல்லா இருக்கு," என்றார். "சரி, குழி எங்க?"

"அந்த மூலையில, ஐயா."

ஷப்ராஸ் அளந்தார். "இது சரிவராது. நாப்பதடிகூட இல்ல."

"அப்ப இந்த மூலையில."

"இதுவும் இல்ல."

மூன்றாவது மூலையைத் தியாகராஜாவே ஓடிப்போய்க் காட்டினார். நான்காவதற்கு ஓடவில்லை. கையால்தான் காட்டினார்.

"நாலு மூலையும் கிணத்துக்குக் கிட்ட," என்று ஷப்ராஸ் நாடாவைச் சுருட்டினார். "ஒங்க காணிக்குள்ள எங்கயும் குழி வெட்ட ஏலாது. குழி இல்லாம வீட்டுக்கு அனுமதி தர எனக்கு ஏலாது."

தியாகராஜாவின் வாய் திறந்தபடி நின்றது. மச்சானுக்கு வெட்டிய சட்டத்தில் தானே விழுந்து கிடப்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியது.

"கிணத்த மூடிர்றேன், ஐயா! இன்னைக்கே மூடிர்றேன்!"

"எதை மூடுவீங்க?" என்று தனலெட்சுமி இடுப்பில் கையை வைத்தாள். "பூசை போட்ட கிணத்தையா? ஊரே குடிக்கிற தண்ணியையா? றஷீதாக்கிட்ட நீங்களே போய்ச் சொல்லிட்டு வாங்க. நான் சொல்லமாட்டேன்."

எதிரில் றஷீதாவும் இன்னும் பலரும் குடங்களோடு நின்று அவரையே பார்த்தார்கள். தியாகராஜா மூடினார். கிணற்றை அல்ல, வாயை.

ஷப்ராஸுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வேலிக்கு அப்பால் இறங்கி அளந்தார். "கிணறு வேலியில இருந்து தள்ளி இருக்கிறதால, அந்தக் காணியோட கடைசி மூலை அம்பதடிக்கு வெளிய இருக்கு. சரிவும் அந்தப் பக்கம்தான். ஆனா வெறுங்காணியில ஒங்க குழிக்கு அனுமதி இல்ல. அங்க ஒரு வீடு கட்டி, ரெண்டு வீட்டுக்கும் பொதுவா ஒரு குழின்னா நான் கையெழுத்துப் போடுவேன். அந்தக் காணிக்காரர் யாரு? ஒங்களுக்குப் பழக்கமா?"

தியாகராஜா கிணற்றைப் பார்த்தார்.

"நல்லாப் பழக்கம்," என்றாள் தனலெட்சுமி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தியாகராஜா வெலிமடை பஸ்ஸில் ஏறினார். மச்சான் எப்படியும் வரத்தான் போகிறார், குழியைப் பொதுவாகப் போடலாமா என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பிவிடலாம். அதுதான் அவர் கணக்கு.

கடையில் லீக்ஸ் கட்டுகளுக்கு நடுவே இராமையா உட்கார்ந்திருந்தார்.

"வீடா? அங்கயா? நானா?" என்றார். "நான் எதுக்கு மாப்புள அங்க வாறேன்? எனக்கு இங்க யாவாரம் இருக்கு. அந்தக் காணிய விக்கிறதுக்கு ஆள் பாத்துக்கிட்டிருக்கேன்."

தியாகராஜா பக்கத்துக் கிழங்கு மூட்டையில் உட்கார்ந்தார். வரவே நினைக்காத மச்சான்! இல்லாத ஆளைத் தடுக்கவா கிணறு வெட்டினோம்? சந்தோஷத்தில் குதிக்க வேண்டிய செய்தி. ஆனால் காணியை வாங்குகிற அந்நியன் எவன் குழிக்கு இடம் தருவான்? இந்த மனிதர் வராவிட்டால் குழி இல்லை. குழி இல்லாவிட்டால் வீடு இல்லை. அடுத்த வருஷம் தோட்டத்து வீடும் இல்லை.

"மச்சான், அப்புடிச் சொல்லக்கூடாது," என்றார் தியாகராஜா. தன் வாயிலிருந்து வருவதைத் தானே நம்ப முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "நீங்க பக்கத்துல இல்லாம எங்களுக்கு என்ன வாழ்க்கை? யாரு எங்களுக்கு நல்லது கெட்டது சொல்லித் தருவா?"

"கெஞ்சுறதையும் இப்புடிக் கெஞ்சக்கூடாது, மாப்புள. குரல் எறங்கி வரணும்."

தியாகராஜா குரலை இறக்கிக் கெஞ்சினார்.

இராமையா மோவாயைத் தடவினார். யாவாரத்தை மகன் பார்ப்பான் என்றார். வேலி வேண்டாம், வரப்போக வசதியாக இருக்கட்டும் என்றார். மாப்பிள்ளை வீட்டு வேலையையும் தானே நின்று பார்ப்பதாகச் சொன்னார். தியாகராஜா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் இராமையா அவரைக் கட்டிப்பிடித்து, "இவ்வளவு பாசத்த உள்ள வச்சிருந்தியா!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மாலையில் தியாகராஜா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்தார். தனலெட்சுமி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"வாறாராமா?"

"வாறாராம். வேலிகூட வேணாமாம்." அவர் தலையை நிமிர்த்தினார். "தனம், ஒங்கண்ணன் வர்றேன்னு சொல்லவே இல்லையாமே? காணிய விக்கப் பாத்தாராமே? நீ ஏன் அன்னைக்கு அப்புடிச் சொன்ன?"

தனலெட்சுமி அவர் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் முகத்தில் கொஞ்சமும் கள்ளம் இல்லை.

"நாலு வருசமா நான் கூப்பிட்டேன், வரல. மாப்புள வந்து கூப்பிட்டாத்தான் மரியாதைன்னாரு," என்றாள். "நீங்களா போய்க் கூப்பிடணும்னா, ஒங்களுக்கும் ஒரு அவசரம் வேணும்லங்க?"