பச்சை சோயாவும் பத்து நாள் குஞ்சும்

தெருவிலேயே முதன்முதலாக எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியவனிடம் யாரும் யோசனை கேட்கக் கூடாது. கேட்காவிட்டாலும் சொல்வான். நான் சொன்னேன்.

நில உச்சவரம்புச் சட்டத்தில் மிராசுதாரிடமிருந்து எடுத்த நிலத்தை எங்கள் கூலிக்காரத் தெருவுக்குப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். எனக்கு வர வேண்டிய அரை ஏக்கர் மேட்டு நிலத்துக்கு மட்டும் அவர் முட்டுக்கட்டை போட்டார். "நடவு, அறுப்பு தவிர இவனுங்களுக்கு என்ன தெரியும்? மேட்டுல என்னத்தப் பண்ணுவான்?" என்று கேட்டார். "கோழிப்பண்ணை வைப்பேன்" என்று மனு எழுதினேன். (அதுவரை கோழியைக் குழம்பில்தான் நெருங்கிப் பார்த்திருக்கிறேன்.)

"வளத்துக் காட்டுய்யா, வந்து பாத்துட்டுப் பட்டா தரேன்" என்றார் தாசில்தார்.

கும்பகோணத்திலிருந்து ஐம்பது குஞ்சுகளைக் கூடையில் வைத்து டவுன் பஸ்ஸில் கொண்டுவந்தேன். வரப்பில் விதைக்கச் சொல்லி வேளாண்மை ஆபீஸில் தெருவுக்குக் கொடுத்த சோயா மொச்சை அரை மூட்டை மீந்திருந்தது. சோயாவில் புரதம் கொட்டிக் கிடக்கிறது என்று ஒரு நோட்டீஸில் படித்திருந்தேன். அதை அப்படியே பச்சையாக அரைத்துத் தவிட்டில் கலந்தேன்.

கல்யாணமாகி ஆறு மாதமாகியிருந்த என் மனைவி அஞ்சலை மூக்கைப் பொத்திக்கொண்டாள். உளுந்தோ பயறோ, வறுக்காமல் அவள் எதையும் அரைக்க மாட்டாள்.

"என்னங்க, பச்ச வாடை குடலப் பெரட்டுது. வறுத்துத் தரேன், குடுங்க."

"வறுத்தா சத்தெல்லாம் போயிடும். நீ எத்தனாவது படிச்சிருக்க?"

மூன்றாவது. உள்ளே போய்விட்டாள்.

குஞ்சுகள் தின்றன, தின்றன, தின்றுகொண்டே இருந்தன. ஆனால் ஒரு விரற்கடைகூட வளரவில்லை. தண்ணீராகக் கழிந்தன. புரதம் போதவில்லை என்று முடிவுகட்டி, மேதை நான், சோயாவைக் கூட்டினேன். நாலு செத்துப்போயின. கொல்லையில் புதைத்துவிட்டு அழுதேன்.

அந்த நேரம் பார்த்து தாசில்தார் ஜீப் வந்தது. கூடவே கால்நடை டாக்டர். வேடிக்கை பார்க்க மிராசுதார்.

"எத்தன நாள் குஞ்சுய்யா இது?"

"பத்து நாளுங்கய்யா" என்றேன். வாய் கூசவில்லை.

"மாசி மகத்தன்னைக்கே பஸ்ல கொண்டாந்தானே! இன்னைக்குப் பங்குனி உத்திரம்" என்று மிராசுதார் தொடையைத் தட்டிச் சிரித்தார். தெருவே தலைகுனிந்தது. போச்சு, நிலம் போச்சு!

அஞ்சலை விறுவிறுவென்று கொல்லைப்பக்கம் போனாள். கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடை ஒன்றை இழுத்துவந்து கவிழ்த்தாள். உள்ளேயிருந்து எட்டுக் குஞ்சுகள் ரெக்கை முளைத்து, கொழுகொழுவென்று, மிராசுதார் வேட்டிமேலேயே பாய்ந்தன.

"அதே கூடையில வந்ததுதாங்கய்யா. இவருக்குத் தெரியாம எடுத்து, அதே மொச்சைய வறுத்துப் போட்டேன்."

டாக்டர் என்னிடம் திரும்பினார். "பச்ச சோயாவுல செரிமானத்தத் தடுக்கற பொருள் இருக்குய்யா. புரதத்த ஒடம்புல சேர விடாது. சின்னக் குஞ்சத்தான் ரொம்பப் பாதிக்கும். நல்லா சூடு காட்டினா அது அழிஞ்சிடும். அந்தம்மா செஞ்சதுதான் சரி."

"நடவு, அறுப்பு தவிர ஒண்ணும் தெரியாதுன்னீங்களே?" என்று மிராசுதாரிடம் கேட்டார் தாசில்தார். அப்புறம் பேனாவைத் திறந்தார். "ஒம் பேரு என்னம்மா?"

தெரு முழுக்க விசில் பறந்தது. எல்லோரையும்விடப் பலமாகக் கத்தியவன் நான்தான். பட்டாவில் என் பேர் இல்லை என்பது சாயங்காலம்தான் உறைத்தது.

இன்று அங்கே பண்ணை இருக்கிறது, மாடி வீடும் இருக்கிறது. மிராசுதார் வீட்டுக்கும் முட்டை எங்களிடமிருந்துதான் போகிறது. போன மாதம் வீட்டுக்கு நீலம் அடிக்கலாம் என்றேன். என் மகள் பட்டாவை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அப்பா, நெலத்துக்காரங்கள ஒரு வார்த்த கேட்டுக்கங்க."

வீடு இப்போது ரோஸ் கலரில் இருக்கிறது.