மினிமம் அண்ணனின் கடைசி ரேக்

எந்தச் சாமான் எப்போது உடையும் என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் எங்கள் மில்லின் ஸ்டோர் கீப்பர். கடவுளுக்காவது எப்போதாவது மறதி வரலாம். ஸ்டோர் கீப்பருக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அவருக்கும் பெயர் என்று ஒன்று இருந்திருக்க வேண்டும். ஆனால் திண்டுக்கல்லிலிருந்து கரூர் போகிற ரோட்டில் இருக்கும் எங்கள் நூல் மில்லில், முதலாளி முதல் கேண்டீன் மாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் 'மினிமம்' அண்ணன்தான். யார் எதைக் கேட்டுப் போனாலும், "மினிமம் எம்புட்டு இருக்குன்னு பாத்துட்டுச் சொல்றேன்" என்பார். ஒவ்வொரு சாமானும் குறைந்தபட்சம் இவ்வளவு கையிருப்பில் இருக்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் உடனே ஆர்டர் போட வேண்டும் என்பது ஸ்டோரின் சட்டம். நாமெல்லாம் சட்டத்தை மில் கேட்டோடு கழற்றி வைத்துவிட்டுப் போவோம். அவர் வீட்டுக்கும் கொண்டுபோனார். அவர் வீட்டு உப்பு ஜாடியில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. உப்பு அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் அவருடைய மனைவி கடைக்கு ஓடிய பிறகுதான் அடுப்பையே பற்றவைப்பாராம்.

ஸ்டோர் மில்லின் பின்பக்கம் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே சித்திரை வெயில் ரோட்டுத் தாரை உருக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளே கால் வைத்தால் முதுகில் சில்லென்று ஏதோ ஊரும். நான்கு டியூப் லைட் இருந்தும் அவர் ஒன்றைக்கூடப் போட மாட்டார். "வெளிச்சம் பட்டா ரப்பர் சாமானெல்லாம் வெடிச்சுப் போகும் அப்பு" என்பார். உண்மை என்னவென்றால் அவருக்கு வெளிச்சம் பிடிக்காது. வரிசை வரிசையாக ரேக்குகள். ஒவ்வொரு தட்டிலும் ஆணியில் ஓர் அட்டை தொங்கும். எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது, மிச்சம் எவ்வளவு, மினிமம் எவ்வளவு என்று அதில் எழுதியிருக்கும். நாம் கவுண்டரில் நின்று சாமானைக் கேட்டதும் அவர் அந்த இருட்டுக்குள் நடந்து காணாமல் போவார். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து முணுமுணுப்பு வரும்.

"என்ன அப்பு, ஒத்தையா இருக்கியா? பயப்படாத. துணைக்கு ஆள் வருது."

அவர் பேசுவது ஒரு மிஷின் பெல்ட்டோடு. பெல்ட் பதில் சொன்னதா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னது என்று ஃபிட்டர் அந்தோணி மாதா மேல் சத்தியம் செய்வான்.

அந்தோணி அப்படிச் சத்தியம் செய்யக் காரணம் உண்டு. ஒரு நாள் மத்தியானம் அவன் மூச்சிரைக்க ஸ்டோருக்கு ஓடி வந்தான். "அண்ணே, ஆறாம் நம்பர் மிஷின்ல பேரிங் போச்சுண்ணே!" மினிமம் அண்ணன் கவுண்டரில் இருந்த ஒரு பேப்பர் பொட்டலத்தை அவன் பக்கம் தள்ளினார். பிரித்தால், ஆறாம் நம்பருக்கான பேரிங்.

"இத எப்பண்ணே எடுத்து வச்சீங்க?"

"காலைல."

"காலைல மிஷின் நல்லா ஓடுச்சேண்ணே."

"ஆமா, ஓடுச்சு" என்றார்.

அதன் பிறகு காலை ஷிப்டுக்கு வருகிறவர்கள் ராசிபலன் பார்ப்பதை விட்டுவிட்டு ஸ்டோர் கவுண்டரைப் பார்க்க ஆரம்பித்தார்கள். தன் மிஷின் சாமான் பொட்டலமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்தவன் நேராகப் போய் லீவு எழுதிக் கொடுத்தான். பர்ச்சேஸ் செக்‌ஷனில் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்த நான் இதையெல்லாம் கேட்டுச் சிரித்தேன். ஒரு நாள் மினிமம் அண்ணன் என்னிடம் ஒரு சீட்டை நீட்டினார். 'வெள்ளை மல் துணி, நான்கு மீட்டர்.'

"எந்த மிஷினுக்குண்ணே?"

"வாங்கிட்டு வா அப்பு."

வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் எங்கள் கேட் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்து கிடந்தார். அவர் மேல் போர்த்தத் துணி தேடி யாரும் ஓட வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெரியவருக்கு இரண்டு மாதமாக இருமல். அந்த இருமலை எல்லோரும்தான் கேட்டோம். துணி வாங்க வைத்தவர் மினிமம் அண்ணன் ஒருவர்தான். அன்றோடு என் சிரிப்பு நின்றது.

அதைவிட மோசமாக, அவர் என்னைக் கவனிக்க ஆரம்பித்திருந்தார்.

நான் சேர்ந்த அன்று கொடுத்த விவர ஃபாரத்தை ஆபீஸில் நின்று முழுசாகப் படித்தவர் அவர் ஒருவர்தான். படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அருகில் வந்து என் கண்ணின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். அய்யலூர் சந்தையில் ஆடு வாங்குகிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். அடுத்த நாளிலிருந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் என் முன்னால் ஒரு டப்பா வந்து உட்கார்ந்தது. ஒரு நாள் முருங்கைக்கீரை, ஒரு நாள் ஆட்டு ஈரல், ஒரு நாள் பேரீச்சம்பழம்.

"எனக்கு எதுக்குண்ணே?"

"தின்னு. நீ நல்லாருக்கணும்."

சொன்னவர் வேறு யாராக இருந்தாலும் கண் கலங்கியிருப்பேன். சொன்னவர் மினிமம் அண்ணன் என்பதால் ஈரல் தொண்டையிலேயே நின்றது.

கார்த்திகை மாதத்தில் மில்லில் ரத்த தான முகாம் போட்டார்கள். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கட்டிலில் படுத்தேன். நர்ஸம்மா பஞ்சை நனைத்த நேரத்தில் ஒரு கை வந்து என் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கியது. "இவன விட்டுருங்கம்மா. இவன் வேணாம்." ஐம்பது பேர் முன்னால் என்னை இழுத்துக்கொண்டுபோய் வெளியே விட்டுவிட்டு மினிமம் அண்ணன் ஸ்டோருக்குள் போய்விட்டார். அன்று சாயங்காலத்துக்குள் மில் முழுக்கச் செய்தி பரவியது. சாகப்போகிறவன் ரத்தம் அடுத்தவனுக்கு ஆகாது என்று மினிமம் சொல்லிவிட்டாராம். கேண்டீனில் எனக்கு அன்றிலிருந்து வடை இலவசம்.

மார்கழியில் சென்னையிலிருந்து புது மேனேஜர் வந்தார். ஸ்டோர் மொத்தத்தையும் கம்ப்யூட்டரில் ஏற்றப்போவதாகச் சொன்னார். "பின்னாடி ரேக்ல அசையாமக் கெடக்கிற டெட் ஸ்டாக் எல்லாத்தையும் லிஸ்ட் எடுத்துட்டு வாங்க" என்று என்னை அனுப்பினார். மினிமம் அண்ணன் டீ குடிக்கப் போயிருந்தார். நான் செல்போன் வெளிச்சத்தில் கடைசி ரேக் வரை போனேன். அந்த ரேக்கில் சாமானே இல்லை. வெறும் தட்டுகள். ஆனால் ஆணிகளில் அட்டைகள் தொங்கின. முதல் அட்டையில் செத்துப்போன வாட்ச்மேன் பெயர். அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அடுத்த அட்டையில் என் பெயர்.

'இருப்பு: 1. மினிமம்: 1. மாற்று: இல்லை. தேவைப்படும் மாதம்: தை.' அதற்குக் கீழே சிவப்பு மையில், 'வீணாக்கக் கூடாது. வெளியூர் அனுப்பக் கூடாது.'

அட்டையைத் திருப்பிப் பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை. எப்படி வெளியே வந்தேன் என்றும் நினைவில்லை. மேனேஜரிடம், "டெட் ஸ்டாக் எதுவும் இல்ல சார், இன்னும் கொஞ்ச நாள் இருக்கு" என்று உளறினேனாம். அவர் அதையும் குறித்துக்கொண்டார்.

தை பிறந்தது. ஊரே பொங்கல் வைத்தது, நான் பயந்துகொண்டு கிடந்தேன். பிழைக்க ஒரே வழிதான் தோன்றியது. கோயம்புத்தூரில் ஒரு கம்பெனியில் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மில்லுக்கு உதிரிச் சாமான் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் வேலையில் ஒட்டிக்கொள்வது, திரும்பி வருவதே இல்லை என்று முடிவு செய்தேன். மேனேஜரிடம் கேட் பாஸ் வாங்கி, பையில் நான்கு சட்டையும் சர்டிபிகேட்டும் வைத்துக்கொண்டு காலை ஒன்பது மணிக்குக் கேட்டுக்கு வந்தேன். இறந்துபோன வாட்ச்மேனின் நாற்காலியில் மினிமம் அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

ஸ்டோரை விட்டு அதிகம் வெளியே வராத மனிதர். வெயிலில் அவரை அன்றுதான் முதலில் பார்த்தேன். கண் கூசிக்கொண்டிருந்தது.

"எங்க அப்பு?"

"கோயம்புத்தூருக்குண்ணே. சாமான் வாங்க."

"நாலு சட்டையோடயா?"

பை மூடித்தான் இருந்தது.

"பழனி ரோடு பூரா பாத யாத்திரைக் கூட்டம். போனா இன்னிக்குத் திரும்ப மாட்ட. இன்னிக்கு நீ போகக் கூடாது. செத்த நேரம் இப்படி உக்காரு."

"அண்ணே, என்னை விட்டுருங்கண்ணே. எங்க வீட்டுக்கு நான் ஒரே பையன்" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் என்னை வினோதமாகப் பார்த்துவிட்டு என் கேட் பாஸை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பதினோரு மணி இருக்கும். அந்தோணி கையில் போனோடு கேட்டுக்கு ஓடி வந்தான். "அண்ணே, வீட்டுல அவளுக்குப் பிரசவ வலி வந்துருச்சுண்ணே. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டாங்க. ரத்தமா போகுதாம்." அவன் முடிப்பதற்குள் மினிமம் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்து அவருடைய டிவிஎஸ் ஃபிப்டியில் ஏற்றினார். அந்த வண்டி அதற்கு முன்னால் முப்பதுக்கு மேல் போனதில்லை. அன்று லாரிகளை முந்தியது. போகிற வழியில் அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "காலைல சாப்ட்டியா?"

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுத்து ஊசி ஏறின பிறகுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அந்தோணி மனைவிக்கு ஓ நெகட்டிவ் ரத்தம். முதல் பிரசவத்திலேயே நிறைய ரத்தம் போய், கிடைக்காமல் அலைந்திருக்கிறார்கள். இப்போது ஆஸ்பத்திரியில் இருந்த ஒரே பாட்டிலை ஏற்கெனவே ஏற்றிவிட்டார்கள். எங்கள் மில்லில் அந்த ரத்தம் உள்ள ஒரே ஆள் நான். விவர ஃபாரத்தில் அதை நானே எழுதிக் கொடுத்திருந்தேன். முகாமில் அன்று கொடுத்திருந்தால் மூன்று மாதத்துக்கு மறுபடி கொடுத்திருக்க முடியாது.

சோதனையெல்லாம் முடித்து என் பாட்டிலை உள்ளே கொண்டுபோனார்கள். அந்தோணி சுவரோரம் தரையில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினான். எனக்கும் எல்லாச் சாமியும் ஞாபகம் வந்தது. சாயங்காலம் நர்ஸம்மா வந்து, தாயும் பெண் குழந்தையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தோணி என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். மினிமம் அண்ணன் மட்டும், "கொழந்தைக்கு என்ன குரூப்பும்மா?" என்று கேட்டுச் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் ஸ்டோருக்குப் போனேன். அவர் என் அட்டையைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். பின்னால் 'ஓ நெகட்டிவ்' என்று எழுதியிருந்தது, அந்தோணி மனைவியின் பெயரும் இருந்தது. மில்லில் வேலை செய்கிற இருநூறு பேருக்கும் ரத்த வகையோடு ஓர் அட்டை வைத்திருந்தார். சிவப்புக் கோடு போட்டவர்கள் இனி கொடுக்க முடியாதவர்கள்.

"இத என்கிட்டச் சொல்லியிருக்கலாமேண்ணே. ஒரு மாசமாத் தூங்கலண்ணே."

"சொன்னா நீ பயந்துருவேன்னுதான் சொல்லல" என்றார், மிகவும் அக்கறையாக.

"டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினாறு நாள் இருந்துச்சே?"

"சப்ளையர் சொல்ற தேதிய எவன் நம்புவான்? முன்னப்பின்னதான் வரும்."

"சரிண்ணே. ஆனா சரியா நேத்து காலைல எதுக்குக் கேட்டுல வந்து உக்காந்தீங்க?"

அவர் என் அட்டையை ஆணியில் மாட்டினார்.

"நேத்துக் காலைல ஸ்டோரத் திறந்தேன் அப்பு. உன் அட்டை ஆடிக்கிட்டு இருந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா இருந்துச்சு. உள்ள காத்து ஏது?"

நான் கோயம்புத்தூருக்குப் போகவில்லை. அந்தோணியின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். மினிமம் அண்ணன் போன ஆனி மாதத்தில் ஒரு நாள் மத்தியானம், கவுண்டர் நாற்காலியிலேயே போய்விட்டார். நெஞ்சு வலி என்றார்கள். உடம்புக்கு முடியவில்லை என்று அவர் யாரிடமும் சொன்னதில்லை. கவுண்டரில் ஒரு பேப்பர் பொட்டலம் இருந்தது. அதை நான்தான் பிரித்தேன். வெள்ளை மல் துணி, நான்கு மீட்டர்.

இப்போது அந்த ஸ்டோரை நான்தான் பார்க்கிறேன். சாமான்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. கடைசி ரேக்கை மட்டும் ஏற்ற நான் விடவில்லை. அவருடைய அட்டையும் அங்கேதான் தொங்குகிறது. அதில் சிவப்புக் கோடு போட எனக்குக் கை வரவில்லை. 'மாற்று' என்ற இடத்தை அவர் காலியாக விட்டிருந்தார். 'இல்லை' என்று என் கையெழுத்தில் எழுதினேன்.

சில நாள் காலையில் ஸ்டோரைத் திறக்கும்போது அந்த அட்டை மட்டும் ஆடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஆடுகிற நாட்களில் நான் லைட் போடுவதில்லை. அவருக்கு வெளிச்சம் பிடிக்காது.