பவானிபூரில் வந்த வயிற்றுவலி

டாக்குரியா, கொல்கத்தா
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள வசுமதி அக்காவுக்கு, தம்பி வெங்கடநாராயணன் நமஸ்காரம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் மஹிமாவும் சௌக்கியம். மன்னார்குடியில் உன் முழங்காலும் அத்திம்பேரின் சர்க்கரையும் ஒன்றோடொன்று போட்டி போடாமல் இருக்கப் பெருமாளை வேண்டிக்கொள்கிறேன். போனில் கல்யாணப் பேச்சை எடுத்தாலே பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மறுபடி எடுத்துப் படிக்காமல் உன்னால் இருக்கமுடியாது என்று எனக்குத் தெரியும்.

மஹிமா கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாய். மாப்பிள்ளை சௌம்யதீப் மேல் ஒரு குறையும் இல்லை, மீன் சமைக்கிற வீட்டில் கை நனைக்கமாட்டேன், அவ்வளவுதான் என்றாய். பத்மஜா போனபிறகு அந்தப் பெண்ணுக்கு அம்மா ஸ்தானத்தில் நீதான் இருக்கிறாய். மணையில் உட்காரும்போது அவள் திரும்பிப் பார்க்க நீயும் இல்லையென்றால் என்னால் தாங்கமுடியாது. அதனால் சம்பந்தி லாஹிரி பாபு எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு முடிவு செய்.

ரிடையர் ஆகிற வரைக்கும் தமிழ் டீச்சராக இருந்தவள் நீ. வயிற்றுக்கு வேறு பெயர் சொல்லு என்று என்னை நிறுத்திவைத்து, உதரம், அகடு, மோடு, பண்டி, குக்கி என்று ஒப்பிக்கச் சொன்னது இன்னும் மறக்கவில்லை. இத்தனை பெயர் வைத்து நாம் என்ன கண்டோம்? பொறாமை வந்தால் வயிறு எரிகிறது, பயம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது, நல்ல சேதி வந்தால் பால் வார்க்கிறது, வேலையைப் பிடுங்கினால் வயிற்றில் அடித்துவிட்டான், பிள்ளையைப் பறிகொடுத்தால் பெற்ற வயிறு பதறுகிறது. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் வயிற்றை வைத்துப் பேசுகிறோம், வயிற்றைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. யாராவது கேட்டால் 'கொஞ்சம் சரியில்லை' என்று முடித்துக்கொள்வோம், கேட்டவரும் மரியாதை கருதி மேற்கொண்டு கேட்கமாட்டார். பிடிக்காத வீட்டில் சாப்பிடாமல் எழுந்துவர நம் குடும்பமே இதைத்தான் காலங்காலமாகச் சொல்லிவருகிறது.

பெங்காலிக்காரர்களிடம் அன்றாடம் புழங்குவது ஒரே வார்த்தைதான், பேட். அதை அவர்கள் வைத்துக் கொண்டாடுகிற அழகை இத்தனை வருஷம் பக்கத்திலிருந்து பார்த்தும் நான் புரிந்துகொள்ளவில்லை. பாங்கில் என் மேனேஜர் காலையில் வந்ததும் தன் பேட் எப்படி இருக்கிறது என்று ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறப்பார். பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் ஓமத்தண்ணீர் சிபாரிசு செய்துகொள்வார்கள். கூச்சம் என்பதே கிடையாது. உடம்பில் இருப்பதை ஒளிப்பானேன் என்கிற ஜாதி.

இது தெரிந்திருந்தும் முதல்முதலாகப் பவானிபூரில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது புத்தி வேலை செய்யவில்லை. லூச்சி என்கிற மைதா பூரி, உருளைக்கிழங்கு தம், பனீர் குழம்பு என்று மேஜை நிறைய வைத்திருந்தார்கள், எல்லாம் சைவம்தான். ஆனால் நேற்று அந்த வாணலியில் என்ன பொரிந்ததோ என்று எனக்கு உன் நினைப்பே வந்துவிட்டது. வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, கொஞ்சம் சரியில்லை என்றேன். நம் வீடாக இருந்தால் ஒரு டம்ளர் மோரோடு விஷயம் முடிந்திருக்கும். அங்கே கல்யாணத் தேதி பேசிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்திவிட்டார்கள். லாஹிரி பாபு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, எப்போதிலிருந்து, எரிச்சலா, கனமா, தொப்புளுக்கு மேலா, கீழா என்று ஆரம்பித்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள் அக்கா. நான் தெரியாத்தனமாக மேலே என்று சொல்லிவிட்டேன். மேலே என்றால் அதற்கு ஒரு தனி மருந்து அலமாரியே இருக்கிறது. சம்பந்தியம்மாள் ஓமத்தண்ணீரோடு வந்தாள், மாடிவீட்டுக்காரர் ஹோமியோபதி உருண்டைகளோடு வந்தார், கீழ்வீட்டுக்காரர் அந்த உருண்டை தப்பு என்று சொல்ல வந்தார். தேதி குறிக்காமலேயே வீட்டுக்கு வந்தோம், அதை அப்புறம் போனில்தான் முடிவு செய்தோம்.

மறுநாள் காலையில் காலிங்பெல். திறந்தால் லாஹிரி பாபு, கையில் டிபன் காரியர். பப்பாளிக்காயும் வாழைக்காயும் போட்டு நீர்க்கச் செய்த குழம்பு, குழைந்த சாதம். நான் தயங்குவதைப் பார்த்துவிட்டு அவர் மெதுவாகச் சொன்னார்: "சமைச்ச பாத்திரம், கரண்டி, இந்தக் காரியர் எல்லாமே புதுசு. நேத்து சாயங்காலம்தான் பஜார்ல வாங்கினேன். மீன் வாசனைகூடப் பட்டதில்ல." அந்தப் பாத்திரங்களுக்கென்று அலமாரியில் ஒரு தட்டு ஒதுக்கி, வீட்டில் யாரும் தொடக்கூடாது என்று உத்தரவாம். நீ சொல்லு, நம் சொந்தத்தில் யாராவது இப்படிச் செய்வார்களா? அன்றைக்கு ஆரம்பித்தவர் இன்றுவரை நிறுத்தவில்லை. குணமாகிவிட்டது என்றேன், பேட் அப்படித்தான் ஏமாற்றும் என்கிறார். நான் சாப்பிட்டு முடிக்கிறவரை எதிரே உட்கார்ந்திருந்துவிட்டு அப்புறம்தான் பஸ் பிடிக்கிறார்.

பத்மஜா போனதிலிருந்து ரொட்டியும் தயிரும்தான் எனக்குச் சாப்பாடு. மஹிமா ஜாதவ்பூருக்கு வேலைக்கு ஓடுகிறவள், அவளிடம் சாப்பிட்டாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். கல்யாணமாகி அவளும் போனபின் இந்த வீட்டில் என்ன செய்யப்போகிறேன் என்று நினைத்துக்கொண்டே ரொட்டியைப் பிய்ப்பேன். இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது, காலையில் அந்த பெல்லுக்காகக் காத்திருக்கிறேன். நீ ஒப்பிக்கவைத்த பெயர்களோடு இப்போது தொந்தி என்பதும் சேர்ந்துகொண்டது. ஆனால் நான் சொன்னது பொய் என்று தெரிந்தால் அந்த மனுஷர் மனசு உடைந்துபோய்விடும். ஆகையால் அவசியம் வா. உனக்கும் அந்தப் புதுப் பாத்திரத்தில்தான் சமைப்பார்கள். வந்தால், இவனுக்குச் சின்ன வயசிலிருந்தே வயிறு கொஞ்சம் சோதா என்று ஒரு வார்த்தை சொல்லிவை, எனக்கு அது போதும்.

அத்திம்பேருக்கு என் நமஸ்காரம். உன் பிள்ளை சிவராமுக்கும் அவன் குழந்தைகளுக்கும் ஆசீர்வாதம், தீர்க்காயுசாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் தம்பி
வெங்கடநாராயணன்

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் மஹிமா பிடுங்கிப் படித்துவிட்டு, சோபாவில் விழுந்து சிரித்தாள். நான் பவானிபூரில் வயிற்றில் கை வைத்த அன்றே லாஹிரி பாபு உனக்குப் போன் போடச் சொல்லி, என் வயிற்றுக்குச் சின்ன வயதிலிருந்து எது ஒத்துக்கொள்ளாது என்று கேட்டாராம். அவள்தான் நடுவில் இருந்து மொழிபெயர்த்தாளாம். "அவனுக்குக் கல்லைப் போட்டாலும் ஜீரணமாயிடும், பொய் சொல்றான்" என்று நீ அப்போதே சொல்லிவிட்டாயாம். அதற்குப் பிறகுதான் அவர் கடைக்குப் போய்ப் பாத்திரமே வாங்கியிருக்கிறார். உனக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டதாம். என் போனைப் பாதியில் வைத்தது கோபத்தில் இல்லையாம், சிரிப்பை அடக்கமுடியாமலாம். பொய் என்று தெரிந்தும் எதற்குத் தினமும் தூக்கிக்கொண்டு வருகிறார் என்று மஹிமாவைக் கேட்டேன். நீயும் அதையே கேட்டாயாமே. அதற்கு அவர், "பொய் சொன்ன வயித்துக்கும் பசிக்குமே" என்றாராம். எனக்கு இதெல்லாம் தெரிந்துவிட்டது என்று அவரிடம் சொல்லிவிடாதே அக்கா. நாளைக்கும் எனக்கு வயிறு சரியில்லை.