எலும்பு ஏத்துக்கிச்சு!

கமென்கா ஊர் வாசகசாலை மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை. புத்தகம் வாசிக்க வந்த கூட்டமா? ஐயோ, அப்படியொரு பழியை எங்கள் ஊர்மேல் போடாதீர்கள். அவாகும் அடிகள் வந்திருந்தார்!

கையில் வெள்ளிப் பெட்டி. பெட்டிக்குள் வெள்ளைப் பொடி. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் குகையில் கிடந்த ஒரு மகானின் எலும்புத் தூளாம். அதைத் தீர்த்தத்தில் குழைத்து, துணியில் முடிந்து, பழுதான எலும்புக்கு மேலே வைப்பார். ஒரு நீளமான பாட்டுப் பாடுவார். பாட்டு முடிவதற்குள் முடிச்சு கதகதவென்று சுடும். உடனே இரண்டு கையையும் தூக்கி, "எலும்பு ஏத்துக்கிச்சு!" என்று முழங்குவார். மண்டபமே அழும். நாற்பதே நாளில் எலும்பு வளர்ந்துவிடுமாம். நடக்கலாமா சாமி? ஆகும். ஓடலாமா? ஆகும். கல்யாண வீட்டில் ஆடலாமா? ஆகும்! பெயரிலேயே 'ஆகும்' இருக்கிறதே, மனிதர் வேறென்ன சொல்வார்?

இதைக் கேட்ட ஸ்வெதானாவுக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. அவள் கணவன் வெல்கோ தபால்காரன். கட்டி ஒன்று வந்து அவன் முழங்காலுக்குக் கீழே எலும்பை அரித்து, அக்ரூட் கொட்டை அளவுக்கு ஓட்டை போட்டிருந்தது. அழுத்தி ஊன்றினால் முறிந்துவிடும். திங்கட்கிழமை அறுவை சிகிச்சை என்று நாள் குறித்திருந்தார் டாக்டர் ரஹ்னேவா.

"ஓட்டையில பீங்கான் மாதிரியான செயற்கை எலும்புத் துகள் வச்சு அடைப்போம்" என்று டாக்டரம்மா விளக்கியிருந்தார். "அது பந்தல் மாதிரி. உங்க எலும்பு கொடியாட்டம் அதுல படரும். படரப் படரப் பந்தல் கரைஞ்சுடும்."

"கண்டிப்பா படருமா?" என்று கேட்டான் வெல்கோ.

"பெரும்பாலும் படரும். ஆறு மாசம் கழிச்சுப் படம் எடுத்துப் பாத்துட்டுத்தான் உறுதியாச் சொல்வேன்."

அங்கேதான் வந்தது வினை. உண்மை பேசினால் எங்கள் ஊரில் யார் நம்புவார்கள்?

"அவங்க 'பெரும்பாலும்'ங்கறாங்க, இவர் 'ஆகும்'ங்கறார்" என்றான் வெல்கோ. "அவங்க வைக்கிறது செயற்கை, இவர் வைக்கிறது மகான். என் காலுக்குள்ள பீங்கான் தூளைப் போட்டு அடைக்கவா? நான் என்ன பூச்சாடியா?"

"திங்கட்கிழமை வர்றியா, இல்லையா?"

வெல்கோ தலையை மேலும் கீழும் ஆட்டினான். எங்கள் பக்கம் அப்படி ஆட்டினால் மாட்டேன் என்று பொருள். சரி என்றால் இடமும் வலமும் ஆட்டுவோம். கடவுள் எங்களுக்கு மட்டும் கழுத்தைத் திருகி மாட்டிவிட்டார் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வதுண்டு.

வெள்ளிக்கிழமை அவளும் அவன்கூட மண்டபத்துக்குப் போனாள். வெல்கோ காலில் வைத்த முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். திக்கென்றது. இந்தச் சூடு அவளுக்குத் தெரிந்த சூடு! முப்பது வருடமாகப் பல்செட் செய்கிறாள். அச்செடுக்க மாவு குழைக்காத நாளில்லை.

"யோவ், இது என் பட்டறை மாவுய்யா! ஆஸ்பத்திரியில மாவுக்கட்டுப் போடுறாங்களே, அதே சாதி. தண்ணி பட்டா சுடும், அப்புறம் கல்லாயிடும்!"

"உன் மாவு பல்லுக்கு. இது தெய்வம். பொறாமைப்படாத" என்றான் வெல்கோ.

இதற்குள் அடிகள் வெல்கோவின் ஊன்றுகோலைப் பிடுங்கி மூலையில் வீசிவிட்டார். ஏத்துக்கிட்ட காலுக்குக் கோல் எதுக்காம்! வீடு வரும் வழியெல்லாம் ஸ்வெதானா அவன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு படி தடுக்கினால் போதும், படக்கென்று போய்விடும்.

மறுநாள் காலை கறிக்கடைக்குப் போய், சூப்புக்கென்று ஒரு பன்றிக்கால் வாங்கினாள். குளம்பு தெரியாமல் கட்டுத்துணி சுற்றினாள். கம்பளிச் சால்வையில் பொதிந்தாள். மேலே ஒரு குட்டிக் குல்லாய் வைத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனாள்.

முதல் வரிசையில் வெல்கோ. அவன் கண் பிதுங்கியது. "யாருடி இது?"

"எங்க அக்கா பேரன்."

"உனக்கு அக்காவே கிடையாதேடி!"

"வாயை மூடு."

கறிக்கடைக்காரர் மனைவி நெவேனா எட்டிப் பார்த்தாள். "முகத்தைக் காட்டேன், கண்ணு பட்டுடாது."

"இருமல் அக்கா. காத்து படக்கூடாதாம்."

அவ்வளவுதான்! எங்கள் ஊரார் கொள்ளை நோய்க்குக்கூடப் பயப்பட மாட்டார்கள், ஜன்னல் காற்றுக்குப் பயப்படுவார்கள். நாலு பேர் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினார்கள். சால்வையை யாரும் தொடவில்லை.

ஸ்வெதானாவின் முறை வந்ததும், சால்வைக்குள்ளிருந்து கட்டுப் போட்ட காலை மட்டும் நீட்டினாள். அடிகள் கண்ணை மூடி அதைத் தடவினார். "ஆகா, துடிக்குது! ஓடி விளையாடப் பிறந்த காலு!"

கிண்ணத்தில் கரண்டியால் பொடி குழைந்தது. முடிச்சு ஏறியது. பாட்டு முடிந்தது. "தொட்டுப் பாரும்மா. எலும்பு ஏத்துக்கிச்சு!"

"நாற்பது நாள்ல நடக்குமா சாமி?"

"ஆகும்!"

"ஆடுமா?"

"ஆகும்!"

"ரெண்டு கால்லயா, நாலு கால்லயா?"

"ஆகு..." அடிகள் பாதியில் நிறுத்தி, சால்வையை உற்றுப் பார்த்தார்.

ஸ்வெதானா கட்டை அவிழ்த்தாள். பிளவுபட்ட குளம்பு எல்லோரையும் பார்த்தது.

"மன்னிக்கணும் சாமி. இது மத்தியானம் சூப்புக்குப் போற காலு. நாற்பது நாள் தாங்காது."

மண்டபம் அதிரச் சிரித்தது. ஆனால் அடிகள் லேசுப்பட்டவரா? "பாருங்கள்! மகானுடைய கருணை பன்றிக்கும் உண்டு!" என்றார். நெவேனா பொலபொலவென்று அழுதாள். "பன்றிக்கே இரங்கினாரே!" கேட்கிறவன் கேனையனாக இருந்தால் கேப்பையில் நெய் வடியும் என்பார்கள். எங்கள் ஊரில் வெண்ணெயே வடியும்.

ஸ்வெதானா தன் பையிலிருந்து பட்டறை மாவை எடுத்தாள். குழாய்த் தண்ணீரில் குழைத்து, துணியில் முடிந்து, நெவேனா உள்ளங்கையில் வைத்தாள். "அழுகையை நிறுத்துக்கா. கொஞ்சம் பொறு."

எல்லோரும் பொறுத்தார்கள். பாட்டில்லை, மகானில்லை.

"ஐயையோ, சுடுது!" என்று அலறினாள் நெவேனா.

"அப்ப உன் கையும் ஏத்துக்கிச்சு. என்ன வளரப் போகுது, ஆறாவது விரலா?"

அடிகள் கடைசி அம்பை எடுத்தார். "ஏன், டாக்டருங்களும் இந்தப் பொடியை எலும்புல அடைக்கிறது உண்டே!"

"உண்டு. ஓட்டைக்குள்ள அடைப்பாங்க, தோலுக்கு மேல இல்ல. அடைச்சிட்டுப் பாட்டுப் பாட மாட்டாங்க, படம் எடுப்பாங்க. வளரலைன்னா வளரலைன்னு சொல்வாங்க. நீ எத்தனை படம் எடுத்த? பொடி மேல தப்பில்ல சாமி. பூ சுத்துனது நீ."

அடிகள் கரண்டியைத் தூக்கினார். கிண்ணமும் கூடவே வந்தது. பேச்சு வளர்ந்த நேரத்தில் மகான் கல்லாகியிருந்தார். ஒரு கையில் கரண்டி, கரண்டி நுனியில் ஆடும் கிண்ணம், அந்தக் கோலத்தில் பின்வாசல் வழியாக ஓடினார். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"இனிமே எவனாவது 'ஏத்துக்கிச்சு'ன்னு வந்தா, கொஞ்சம் யோசிப்பீங்களா?" என்று கேட்டாள் ஸ்வெதானா.

கூட்டம் மொத்தமும் தலையை மேலும் கீழும் ஆட்டியது. அதற்கு எங்கள் ஊரில் என்ன பொருள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

வெல்கோ மட்டும் ஆட்டவில்லை. நொண்டிக்கொண்டு மூலைக்குப் போனான். ஊன்றுகோலை எடுத்தான். அசடு வழிய மனைவியிடம் வந்து நின்றான்.

"திங்கட்கிழமை?" என்றாள் அவள்.

வெல்கோ ஒரு கணம் பன்றிக்காலைப் பார்த்தான். தன் காலைப் பார்த்தான். பிறகு தலையை இடமும் வலமுமாக, நன்றாக ஆட்டினான்.

தலையை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஆட்டிக்கொள்ளுங்கள், ஐயா. ஆட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை அதை உபயோகித்துப் பாருங்கள்.