என் தலைத்துணிக்கு நீங்கள் சாட்சி சொல்ல வேண்டாம்

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகளின் வணக்கம். அம்மாவும் நானும் உடம்பளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் ஒன்றையொன்று முந்தாமல் இருக்கின்றன என்று நம்புகிறேன்.

புதன்கிழமை விசாரணையில் நான் சொல்லாமல் விட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். தலையில் கட்டியிருக்கும் துணி மத நம்பிக்கைக்காகவா இல்லையா என்று கேட்டார்கள். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. "உங்களுக்கு எதுக்கு அது?" என்பது நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று, அதையும் சொல்லவில்லை. கேள்வி கேட்ட சட்ட அலுவலரின் சட்டையில் ஒரு பொத்தான் அவிழ்ந்திருந்ததைக்கூடச் சொல்லவில்லை. வாய் திறந்து கேட்டது கொஞ்சம் தண்ணீர் மட்டும். அதையும் குறிப்பில் ஏற்றிக்கொண்டார்கள். நான் விரதத்தில் இல்லை என்பதற்கு அது சான்றாம்.

என்ன விசாரணை என்று உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆனால் தெரிந்திருக்கும் என்று சந்தேகம். போன வாரம் அம்மாவுடன் தொலைபேசியில் பேசும்போது "குழந்தை எப்படி இருக்கா" என்று இரண்டு தடவை கேட்டீர்களாம். வழக்கமாக ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டீர்கள்.

நான் அரசு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன் அல்லவா, அரசு ஆணைகளெல்லாம் அச்சேறும் முன் என் மேசை வழியாகத்தான் போகும். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிப்பார். நான் அச்சுப்படியில் விரல் வைத்துத் தொடர்ந்து போவேன். எனக்கு வாசிக்கிறவர் நிறுத்தக்குறிகளையும் சேர்த்தே வாசித்துப் பழகி, இப்போது வெளியிலும் அப்படித்தான் பேசுகிறார். "தேநீர் குடிச்சாச்சா கேள்விக்குறி" என்பார். அச்சகம் முழுக்க அவருக்குப் பெயர் முற்றுப்புள்ளி அண்ணன். இந்த ஆணையையும் அவர்தான் எனக்கு வாசித்தார். அரசுப் பணியிடங்களில் மதத்தைக் காட்டும் எதையும் உடலில் அணியக் கூடாது, கால்புள்ளி, மத நோக்கம் இல்லாதவற்றுக்கு இது பொருந்தாது, முற்றுப்புள்ளி. வாசித்து முடித்து என் தலையைப் பார்த்தார். நான் அச்சுப்படியைப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். என் தலைக்கு வந்ததை நானே சரிபார்த்து அனுப்பியிருக்கிறேன், சித்தப்பா.

ஆணை வெளியான சூட்டிலேயே பெயரில்லாப் புகார் ஒன்று வந்தது. அதில் இரண்டு பேர் மாட்டினோம்: நானும், பெரிய அச்சு இயந்திரத்தை ஓட்டுகிற தாடிக்காரரும். என் துணி, அவர் தாடி. எழுதியது யார் என்று நான் ஒவ்வொருவராகச் சந்தேகப்பட்டுப் பார்த்தேன். மேலாளர் திடீரென்று எனக்குக் காலை வணக்கம் சொல்ல ஆரம்பித்தார். அது ஒரு சந்தேகம். காகிதக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் அக்காவை விசாரணைக் குழுவில் பொதுமக்களின் மனச்சாட்சியாக நியமித்திருந்தார்கள். அன்றிலிருந்து கண்ட நேரத்தில் பிஸ்கட் நீட்டுகிறார், நான் எந்த நாளில் வேண்டாம் என்கிறேன் என்று கவனிக்கிறார். அது பெரிய சந்தேகம். முற்றுப்புள்ளி அண்ணனைச் சந்தேகப்பட முடியவில்லை, புகாரில் ஒரு நிறுத்தக்குறிகூட இல்லை.

முதல் விசாரணையில் தாடிக்காரரைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். அவர் பக்திமான் என்பது காகிதத்தை மென்று தின்னும் பூச்சிக்குக்கூடத் தெரியும். ஆனாலும் சத்தியம் செய்து, தாடி வெறும் சோம்பல் என்று சொல்லிவிட்டார். மனைவியைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தார். அந்த அம்மாள் தாடியோடு நிறுத்தவில்லை. குழாய் ஒழுகுவது, கதவுத் தாழ்ப்பாள் கழன்று கிடப்பது, தன் தம்பி கல்யாணத்துக்கு இவர் கடைசிப் பந்தியில் போய்ச் சேர்ந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, சட்ட அலுவலர் போதும் என்று கையைக் காட்ட வேண்டியதாயிற்று. "இன்னும் இருக்குங்க. சோம்பேறின்னு கொட்டை எழுத்துல எழுதுங்க, எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடறேன்" என்றார் அந்த அம்மாள். குழு அப்படியே சான்றிதழ் கொடுத்தது. காரணம் சோம்பல், மதம் அல்ல. அடுத்தது நான். நான் வாய் திறக்கவில்லை. சட்ட அலுவலருக்கு அன்று ஜலதோஷம், ஒத்திவைத்தார்கள்.

அதற்குள் மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. உண்மையான நம்பிக்கையால் ஒருவர் அணிவதைத் தடுக்க முடியாதாம். நம்பிக்கை இல்லாதவர்களுக்கு, இதுவரை யாரும் தூசி தட்டாத பழைய சீருடை விதிதானாம், தலை திறந்திருக்க வேண்டும், முகம் மழித்திருக்க வேண்டும். அதாவது நேற்றுவரை எது குற்றமோ அது இன்று கேடயம், நேற்று எது கேடயமோ அது இன்று குற்றம். தாடிக்காரரின் சோம்பல் சான்றிதழ் அவர் கழுத்துக்கே கயிறாகிவிட்டது. மறுபடி குழுவுக்கு ஓடினார். அன்றைக்குச் சொன்னது பொய், தாடி பக்திதான் என்றார்.

"சத்தியம் பண்ணிப் பொய் சொன்னீங்களா?" என்றார் சட்ட அலுவலர்.

"வேலை போயிடுமேன்னு சொன்னேங்க."

"இப்பச் சொல்றதும் வேலை போயிடுமேன்னுதானே?"

அவர் தாடியைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார். தாம் தொழும் இடத்துப் பெரியவரிடம் சான்று வாங்கப் போயிருக்கிறார். அரசாங்கத்திடம் சோம்பல் என்று எழுதிக் கொடுத்தவனுக்குப் பக்தி என்று எப்படி எழுதித் தருவது என்று அவரும் அனுப்பிவிட்டார். மறுநாள் மழித்துக்கொண்டு வேலைக்கு வந்தார். எத்தனை வருஷமாக வெயில் படாத தாடையோ, முகத்தின் கீழ்ப்பாதி வேறு யாருடையதோ போல வெளுத்திருந்தது. இயந்திரச் சத்தத்தில் அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. வேண்டுதலா வசவா தெரியவில்லை. அதைக் கண்டுபிடிக்க இன்னொரு குழு போடாமல் இருந்தால் சரி.

அன்று இடைவேளையில் என் மேசைக்கு வந்து பக்கத்தில் நின்றார். நான் ஆறுதல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது, "தங்கச்சி, தப்பா எடுத்துக்கக் கூடாது. அந்தப் புகாரப் போட்டதே நான்தான்" என்றார். எனக்குப் புரியவில்லை. கண்டிப்பான குழு வருவதற்குள், இளகின மனசுள்ள இந்தக் குழுவிடமே விசாரணை முடிந்து சான்றிதழ் கையில் இருந்தால் நிம்மதி என்று தன்மேல் தானே புகார் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் நான் எதற்கு? "தனியா என் பேர மட்டும் எழுதினா நானே எழுதினேன்னு சந்தேகம் வருமில்ல. அதான் துணைக்கு உங்களயும் சேர்த்துக்கிட்டேன்." கோபப்படத்தான் நினைத்தேன். அந்த வெளுத்த தாடையைப் பார்த்துக்கொண்டு கோபப்பட முடியவில்லை. கிடங்கு அக்காவின் பிஸ்கட்டை அன்று முதல் தடவையாக நிம்மதியாகத் தின்றேன்.

ஆனால் என் விசாரணை முடியவில்லை. நான் முதலில் வாயை மூடிக்கொண்டிருந்தது இப்போது பெரிய தந்திரமாகிவிட்டது. மெய்ப்புப் பார்க்கிறவள், எல்லாம் முன்கூட்டியே தெரியும், தீர்ப்பு எந்தப் பக்கம் சாயும் என்று காத்திருந்திருக்கிறாள் என்று அச்சகத்தில் பேச்சு. புதன்கிழமை அதனால்தான் துருவினார்கள். வீட்டிலும் கட்டுவீர்களா, தூங்கும்போது கட்டுவீர்களா, என்ன புத்தகம் படிப்பீர்கள், அதில் யார் நல்லவர்? மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் சீருடை விதியை மீறியதாகக் கொண்டு வேலையிலிருந்து நிறுத்தி வைப்பார்களாம். அம்மாவும் நானும் இந்தச் சம்பளத்தில்தான் இருக்கிறோம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

வீட்டில் அம்மா வேறு. நான் ஏன் கட்டுகிறேன் என்பதற்கு அம்மாவிடம் மூன்று காரணங்கள் இருக்கின்றன: முடி கொட்டுகிறது, யாரையோ விரும்புகிறேன், அதிகம் படித்ததால் புத்தி பிசகிவிட்டது. மூன்றும் தவறு. நான் குளிக்கப் போனால் சீப்பை எடுத்துப் பார்க்கிறார், தொலைபேசி அடித்தால் காதைத் தீட்டுகிறார்.

உண்மையைச் சொன்னால், ஆம் என்று எழுதிக் கொடுத்தால் சில நாள் அது பொய்யாக இருக்கும். இல்லை என்று எழுதிக் கொடுத்தால் வேறு சில நாள் பொய். எனக்குள் அது இன்னும் முடியாத பேச்சு. நடுவில் ஓர் ஆள் குறிப்பெடுக்க வந்து உட்கார்ந்தால் அந்தப் பேச்சே நின்றுவிடும். இடைவேளைகளில் உலகச் செய்திகள் படிக்கிறேன், சித்தப்பா. ஓரிடத்தில் துணி கட்டினால் அபராதம், இன்னோரிடத்தில் கட்டாவிட்டால் அபராதம். கடவுளை ஏசினான் என்று ஒருவனைச் சிறையில் வைக்கிறார்கள், கூடி வேண்டினார்கள் என்று வேறு எங்கோ வழக்குப் போடுகிறார்கள். நீதிபதிகளைப் பார்த்தால் எனக்குப் பாவமாகவும் இருக்கிறது. பக்தி எத்தனை பலம் எடை என்று கேட்டு யாராவது வந்து நின்றால் அவர்களும் என்னதான் செய்வார்கள், கையில் இருப்பது மாவு நிறுக்கிற தராசு.

இனி முக்கியமான விஷயம். நானே சொல்லாவிட்டால் நெருங்கிய உறவினர் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தாலும் போதுமாம். அம்மா ஒரே வீட்டில் இருப்பதால் செல்லாதாம். என் பணிப் பதிவேட்டில் அம்மாவுக்கு அடுத்த உறவு என்று இருப்பது உங்கள் பெயர். புகார் எழுதினவர் யார் என்று தெரிந்துவிட்டதால் ஆளில்லாமல் அலைந்த என் சந்தேகம் இப்போது உங்கள் மேல் வந்து நிற்கிறது. நீதிமன்றத்தில் சாட்சிகளுக்கெல்லாம் சத்தியம் செய்துவைத்தே ஓய்வு பெற்றவர் நீங்கள். கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது உங்கள் ரத்தத்தில் ஊறிப்போனது. "உப்பு இருக்கா" என்று சித்தி கேட்டாலே எழுந்து நின்றுதானே பதில் சொல்கிறீர்கள். அதனால் கேட்கிறேன்: அவர்கள் எழுதினால் பதில் போடாதீர்கள். நல்லது செய்கிறேன் என்று நினைத்தும் போடாதீர்கள். வேலை போனால் போகட்டும், தனியார் அச்சகம் எங்காவது தலையை விட்டுவிட்டுக் கண்ணை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்ளும். எனக்கே தெரியாத ஒன்றை எனக்காக நீங்கள் தெரியும் என்று சொல்லிவிடக் கூடாது. உங்களிடம் நான் இதுவரை எதையும் கேட்டதில்லை, இதை மட்டும் கேட்கிறேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் கால்கள் உங்கள் பேச்சைக் கேட்கவும், நீங்கள் என் பேச்சைக் கேட்கவும் வேண்டுகிறேன். யாரிடம் வேண்டுகிறேன் என்று கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் அண்ணன் மகள்

பின்குறிப்பு: இதை உறையிலிட்டு ஒட்டி வைத்திருந்தேன். வெள்ளிக்கிழமை சட்ட அலுவலர் கூப்பிட்டார். உங்கள் வாக்குமூலம் வந்துவிட்டதாம். ஒன்றல்ல, இரண்டு. ஒன்றில், நான் நடை பழகும் முன்பே கைகூப்பப் பழகியவள், துணி என் உயிர்மூச்சு. மற்றதில், எனக்குக் கடவுள் என்ற பேச்சே ஆகாது, துணி ஒற்றைத் தலைவலிக்காக. இரண்டிலும் சத்தியம், இரண்டிலும் கையெழுத்து, மேலே குத்தியிருந்த சீட்டில் "தேவையானதை எடுத்துக்கொள்ளவும்". சட்ட அலுவலர் துளியும் சிரிக்காமல் முதலாவதைக் கோப்பில் சேர்த்தார். "ரெண்டாவது எங்ககிட்டயே பத்திரமா இருக்கட்டும் மேடம். தீர்ப்ப எதிர்த்து அரசாங்கம் மேல்முறையீடு போயிருக்கில்ல" என்றார். என் நம்பிக்கை உண்மையானது என்று முத்திரை குத்தி அனுமதிச் சான்று கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்று கட்டிப் பார்த்தேன். கோப்புக்குள் இருக்கிற பெண்ணுக்குக் கட்டிவிடுவது போல இருந்தது. திங்கட்கிழமை துணி கட்டாமல் வேலைக்குப் போனேன். அனுமதி வாங்கிவிட்டு ஏன் அணியவில்லை என்று விளக்கம் கேட்டு மாலைக்குள் குறிப்பாணை வந்துவிட்டது.